ஒளி ஊடுருவினால் மட்டும் கண்ணாடியாகிவிடாது

ஃபோட்டோஷாப், கிம்ப் முதலிய படத்தொகுப்பு மென்பொருள்களில் எழுத்தைக் கண்ணாடிபோலக் காட்டக் கற்பிக்கும் செய்முறைப் பாடங்கள் ஏறத்தாழ எல்லாமே ஒரே எண்ணத்தின்மீது நிற்கின்றன. கண்ணாடிக்கு அடையாளம் அதன் வழியே அப்பால் இருப்பது தெரிவது. ஆகவே எழுத்து இருக்கும் லேயரின், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் படப்பரப்புகளுள் எழுத்துக்கு உரியதன், ஒபாசிட்டி எனப்படும் மறைப்புத்திறனைக் குறைத்துவிட்டு, விளிம்புக்குப் புடைத்த தோற்றம் தரும் பெவல் அண்ட் எம்பாஸ் என்னும் வசதியை இயக்கி, மேற்பாதியில் வெள்ளை மினுக்கம் ஒன்றைப் பூசினால் கண்ணாடி எழுத்து தயாராகிவிடும் என்பதே அவ்வெண்ணம். ஃபோட்டோஷாப்பின் ஐந்தாம் பதிப்பில், 1998-இல், லேயர் எஃபெக்ட்டுகளும், 2000-இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில் அவற்றைத் தொகுத்துச் சேமித்து வேறெந்த எழுத்துக்கும் ஒரே சொடுக்கில் ஏற்றக்கூடிய லேயர் ஸ்டைல்களும் வந்தபின், இது கேள்விக்கு அப்பாற்பட்ட மரபாகவே உறைந்துவிட்டது. சைஸ் இத்தனை பிக்சல், டெப்த் இத்தனை விழுக்காடு என எண்களை அடுக்கித் தருவதே பாடம் என்றும், அந்த எண்களை அப்படியே தட்டச்சிடுவதே கற்றல் என்றும் இரு தரப்பாரும் நம்பிக்கொண்டிருக்கின்றனர்.

இந்த எண்ணம் இரண்டு இடங்களில் பிழைபடுகிறது. ஒளி ஊடுருவுதலைக் கண்ணாடியின் அடையாளமாகக் கொண்டது முதற்பிழை. அந்த அடையாளத்தை எழுத்துக்குள்ளேயே தேடியது அதைவிடப் பெரிய பிழை.

முதற்பிழையைப் பள்ளி ஆய்வகத்தில் செய்துகாட்டப்படும் ஒரு சோதனையே அம்பலப்படுத்திவிடும். பைரெக்ஸ் வகைக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண், அதாவது ஓர் ஊடகத்துள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் குறிக்கும் எண், ஏறத்தாழ 1.47, கிளிசரினின் எண்ணும் அதுவே. அவ்வகைக் கண்ணாடித் தண்டு ஒன்றைக் கிளிசரின் நிறைந்த பாத்திரத்தில் அமிழ்த்தினால் அமிழ்ந்த பகுதி கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. ஊடுருவும் தன்மையில் அந்தத் தண்டுக்கு எந்தக் குறையும் ஏற்படவில்லை; சொல்லப்போனால் அப்போதுதான் அது முழுமையாக ஒளியை ஊடுருவ விடுகிறது. அப்படியிருந்தும் அது கண்ணாடியாகத் தெரியாததன் காரணம், ஒளியை வளைப்பதையும் எதிரொளிப்பதையும் அது நிறுத்திவிட்டதுதான். காற்றில் இருக்கும் கண்ணாடியைக் கண்ணாடி என்று காட்டிக்கொடுப்பவை அந்த இரண்டு செயல்களே ஆதலின், ஊடுருவுதல் அவற்றுக்கு இடம்தரும் ஒரு நிபந்தனை என்ற அளவில்தான் நிற்கிறது.

ஒபாசிட்டியைக் குறைக்கும்போது மென்பொருள் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்தால் பிழையின் அளவு இன்னும் தெளிவாகும். தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்னும் இருவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் முறைப்படுத்திய கலவைக் கணக்குதான் இன்றும் எல்லாப் படத்தொகுப்பு மென்பொருள்களின் அடியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒபாசிட்டியை 40 விழுக்காடாக வைத்தால் எழுத்தின் நிறத்தில் 40 பங்கும், நேர் கீழே உள்ள பின்னணியின் நிறத்தில் 60 பங்கும் சேர்ந்து அந்தப் பிக்சலின் புதிய நிறமாகின்றன. இந்தக் கணக்கில் நிறம் கலக்கிறதே தவிர, பின்னணியின் ஒரு பிக்சல்கூடத் தன் இடத்தைவிட்டு நகர்வதில்லை. வளையாத ஒளியும் தடிமனற்ற பொருளும் கொண்ட இந்த உலகில் உருவாகக்கூடியது கலர் செலோஃபேன் தாளும், புகைத்திரையும், மெல்லிய சல்லாத்துணியுமே. இத்தாலிய உளவியலாளர் ஃபாபியோ மெட்டெல்லி, 1974-இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் ஊடுருவல் தோற்றத்தைப் பற்றி எழுதியபோது இத்தகைய மெல்லிய படலங்களைத்தான் ஆராய்ந்தார். அவற்றுக்கு அவருடைய விளக்கம் இன்றும் பொருந்துகிறது. தடித்த கண்ணாடிக்கு அது பொருந்தவில்லை என்பதனால்தான் ரோலண்ட் ஃப்ளெமிங், ஃபிராங்க் யேக்கெல், லாரன்ஸ் மலோனி ஆகிய மூவரும் 2011-இல் தடித்த ஊடுருவு பொருள்களைத் தனியே ஆராய வேண்டியதாயிற்று. பொருளின் பின்னால் உள்ள கோலம் எங்கே நெருங்கி எங்கே விரிந்து தெரிகிறது என்னும் உருக்குலைவைக் கொண்டே மனிதக் கண் அதன் ஒளிவிலகலை மதிப்பிடுகிறது என்றும், பொருளின் தடிமனோ பின்னணியின் தொலைவோ மாறினால் அந்த மதிப்பீடும் பிழைபடுகிறது என்றும் அவர்களின் ஆய்வு காட்டியது. கண் இயற்பியல் சமன்பாடுகளைத் தீர்ப்பதில்லை. சில சாடைகளைப் பார்த்துத் தீர்ப்பு வழங்கிவிடுகிறது. செய்முறைப் பாடங்களோ அச்சாடைகளுள் முதன்மையானதை முற்றாக விட்டுவிட்டு, மற்றவற்றை மிகையாகப் பூசி ஈடுகட்டப் பார்க்கின்றன.

இனி இரண்டாம் பிழை. கண்ணாடிக்கென்று தனியாக ஒரு நிறமோ பரப்போ கிடையாது. அது தன்னைச் சுற்றியிருப்பதை இடம் மாற்றிக் காட்டுவதன் மூலமே தென்படுகிறது. இதனை ஓவியர்கள் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் ஹார்லெம் நகரில் பணியாற்றிய வில்லெம் கிளாஸ் ஹேடா, பீட்டர் கிளாஸ் ஆகியோரின் அசைவற்ற பொருட்காட்சி ஓவியங்களில் உள்ள மதுக்கிண்ணங்களை உற்றுப் பார்த்தால், கிண்ணத்தின் பெரும்பகுதி சுவரின் அதே மங்கிய நிறத்தில் விடப்பட்டிருப்பதும், விளிம்போரம் சில கருங்கோடுகளும், வயிற்றுப்பகுதியில் அதன் வளைவுக்கேற்ப வளைந்து விழும் சன்னல் பிம்பமும் மட்டுமே தீட்டப்பட்டிருப்பதும் புலப்படும். விளம்பரப் படக்கலைஞர்களும் இதே உண்மையை வேறு வழியில் பயன்படுத்துகின்றனர். ஃபில் ஹண்டர், பால் ஃபுகுவா ஆகியோர் எழுதிய லைட்: சயன்ஸ் அண்ட் மேஜிக் என்னும் ஒளியமைப்பு நூல் கண்ணாடிப் பொருள்களுக்கு இரண்டு முறைகளை விளக்குகிறது. வெளிச்சமான பின்னணி கேமராவின் சட்டத்தை மட்டும் நிரப்பி, அதற்கு வெளியே இருள் இருக்குமாறு அமைத்தால், கண்ணாடியின் விளிம்புகள் வெளியிலுள்ள இருளை வளைத்து உள்ளே கொண்டுவந்து கருங்கோடுகளாகின்றன. இருண்ட பின்னணிக்கு வெளியே வெளிச்சம் இருந்தால் அதே விளிம்புகள் வெண்கோடுகளாகின்றன. இரு முறைகளிலும் கண்ணாடியின்மீது எவரும் எதையும் பூசுவதில்லை. சுற்றுப்புறத்தை மாற்றினால் கண்ணாடி மாறுகிறது, அவ்வளவே.

இந்த உண்மையின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, பாடங்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கும் பின்னணி எவ்வளவு பொருத்தமற்றது என்பது விளங்கும். கருநீலத்திலிருந்து கறுப்புக்கு மெல்லக் கரையும் வெறும் நிறப்பரப்புதான் பெரும்பாலும் முதல் படியிலேயே நிரப்பச் சொல்லப்படுகிறது. கோடோ கட்டமோ இலையோ முகமோ இல்லாத பரப்பை எவ்வளவு வளைத்தாலும் வளைந்தது தெரியாது. நீலத்தை ஆறு பிக்சல் தள்ளினால் அங்கும் நீலமே கிடைக்கும். கண்ணாடிக்கு வேண்டிய சாட்சியை முதல் படியிலேயே அகற்றிவிட்டு, எஞ்சிய பத்துப் படிகளில் பொய்ச்சாட்சிகளை ஒவ்வொன்றாக அழைத்துவரும் வேலைதான் அங்கே நடைபெறுகிறது.

பெவல் அண்ட் எம்பாஸ் அத்தகைய சாட்சிகளுள் ஒன்று. ஒளி வரும் திசையை நோக்கிய சரிவை வெளிறவும் எதிர்ச்சரிவைக் கருக்கவும் செய்யும் அந்த வசதி, ஒளி ஊடுருவாத பொருளுக்கான கணக்கையே பின்பற்றுகிறது. சுண்ணச்சாந்தில் வார்த்த எழுத்துக்கு அது சரி. கண்ணாடியிலோ மேல்இடப் பக்கமாக நுழைந்த ஒளி உடலைக் கடந்து கீழ்வலப் பக்கத்தில் திரள்வதால், கருமையாக இருக்கும் என்று பெவல் எண்ணிக்கொள்ளும் அந்த எதிர்ச்சரிவே பெரும்பாலும் ஒளிர்கிறது. பெவலின் நிழல் பகுதிக்குரிய கலப்புமுறை மல்டிப்ளை, அதாவது கீழுள்ள நிறத்தைக் கருக்குவது, என்றே முன்னிருப்பாக அமைந்திருக்கும். அதனை வெளிறச்செய்யும் ஸ்கிரீன் முறைக்கு மாற்றி, நிறத்தையும் வெள்ளையாக்கினால் அந்த ஒரு மாற்றமே எழுத்தைப் பிளாஸ்டிக்கிலிருந்து கண்ணாடியின் பக்கம் பாதிதூரம் நகர்த்திவிடும். மேற்பாதி வெள்ளை மினுக்கமும் இதே வகையைச் சேர்ந்ததுதான். சாதாரணக் கண்ணாடியை நேர்க்குநேர் பார்க்கும்போது ஒரு பரப்பில் எதிரொளிப்பது ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளி மட்டுமே; பார்வை சாயச்சாய அது கூடிக்கொண்டே போய், பரப்பை உரசிச்செல்லும் கோணத்தில் நூறு விழுக்காட்டை நெருங்குகிறது. ஆகவே பிரதிபலிப்பு வலுக்க வேண்டிய இடம் சரிவான விளிம்பு. எழுத்துகளின் தட்டையான நெற்றிகளின்மீது ஒரே நேர்க்கோட்டில் வெட்டிச்செல்லும் வெண்பட்டை, எழுத்துகளுக்கு முன்னால் தனியாக ஒரு கண்ணாடித்தகடு நிறுத்தப்பட்டுள்ளது என்றே கண்ணுக்குச் சொல்லும்.

மாற்றுவழி என்ன என்பதைச் சொல்லாத மறுப்பு அரைகுறையானது. ஃபோட்டோஷாப்பில் டிஸ்ப்ளேஸ் என்றொரு ஃபில்டர் நெடுங்காலமாகவே இருந்துவருகிறது. ஒரு படத்தின் பிக்சல்களை இன்னொரு படம் சொல்லுகிறபடி இடம்பெயர்ப்பது அதன் வேலை; அப்படிச் சொல்லும் படம் டிஸ்ப்ளேஸ்மென்ட் மேப், அதாவது பெயர்ச்சி வரைபடம், எனப்படுகிறது. அந்த வரைபடத்தின் சிவப்புச் சேனல் கிடைத்திசைப் பெயர்ச்சியையும், பச்சைச் சேனல் செங்குத்துப் பெயர்ச்சியையும் ஆள்கின்றன. சாம்பல் மதிப்பு 128 என்றால் பெயர்ச்சி இல்லை, 0-வும் 255-உம் எதிரெதிர்த் திசைகளில் உச்சப் பெயர்ச்சி. அளவு 100 விழுக்காடு எனில் அந்த உச்சம் 128 பிக்சல். கறுப்பின்மேல் வெள்ளையாக எழுதிய எழுத்தை அதன் கோட்டுத் தடிமனுக்கு ஏற்றபடி காசியன் பிளர் கொண்டு மழுக்கி, சிவப்புச் சேனலில் கிடைக்கோணத்திலும் பச்சைச் சேனலில் செங்குத்துக் கோணத்திலும் எம்பாஸ் ஃபில்டரைத் தனித்தனியே இயக்கினால், எழுத்தின் தட்டையான நெற்றி சாம்பலாகவும் சரிவுகள் அவை நோக்கும் திசைக்கேற்ப வெளிறியோ கருத்தோ மாறி, தேவையான வரைபடம் கிடைத்துவிடும். அதைப் பி.எஸ்.டி. கோப்பாகச் சேமித்து, பின்னணியின் படியெடுத்த லேயரின்மீது டிஸ்ப்ளேஸை இயக்கி, அந்த லேயரை எழுத்தின் உருவத்துக்குள் மட்டும் தெரியுமாறு கிளிப்பிங் மாஸ்க்கால் அடக்கினால், எழுத்துக்குள் தெரியும் பின்னணி விளிம்பருகே வளைந்து நிற்கும். கிம்ப்பிலும் மேப் பிரிவில் இதே பெயருள்ள ஃபில்டர் உண்டு. அங்கே கிடைத்திசைக்கும் செங்குத்துத் திசைக்கும் தனித்தனி வரைபடங்களையே கொடுத்துவிடலாம்.

எவ்வளவு பெயர்க்க வேண்டும் என்பதையும் ஊகத்துக்கு விட வேண்டியதில்லை. ஒளிவிலகல் எண் 1.52 உள்ள சாதாரணக் கண்ணாடியில் 45 பாகைச் சரிவின் வழியே நேர்கீழாக நோக்கும் பார்வைக்கோடு ஏறத்தாழ 17 பாகை வளைகிறது. அது தடிமனில் பத்தில் மூன்று பங்கு பெயர்ச்சிக்குச் சமம். எழுத்து 40 பிக்சல் தடிமன் உடையது என்று கற்பித்துக்கொண்டால் பெயர்ச்சி 12 பிக்சல் அளவில் இருக்க வேண்டும். டிஸ்ப்ளேஸ் அளவை 10 விழுக்காட்டை ஒட்டி வைத்தால் உச்சப் பெயர்ச்சி அங்கே வந்து நிற்கும். திசை இதைவிட முக்கியம். மேடான கண்ணாடியின் இடச்சரிவில் தெரிய வேண்டியது சற்று வலப்புறத்தில் இருக்கும் பின்னணி. குறி தவறினால் மேடு பள்ளமாகத் தோன்றும். அப்படித் தோன்றும்போது அளவுக்கு முன்னால் கழித்தல் குறி இட்டால் போதும். எட்டு பிட் படத்தில் மொத்தம் 256 படிநிலைகளே இருப்பதால் அகன்ற சரிவுகளில் படிக்கட்டுபோன்ற வெட்டுகள் விழுவதுண்டு. எம்பாஸுக்குப் பின் வரைபடத்தை ஓரிரு பிக்சல் மழுக்குவது அதற்கு மருந்து.

ஆயத்த எண்களின் பட்டியலை இங்கே மீண்டும் நினைத்துப் பார்க்க வேண்டும். அப்பட்டியல்களில் பெரும்பாலானவை இம்பாக்ட், ஏரியல் பிளாக் போன்ற கனத்த ரோமன் எழுத்துருக்களில் பரிசோதிக்கப்பட்டவை. பெவலின் அளவு, விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சரிவு எத்தனை பிக்சல் செல்கிறது என்பதைக் குறிப்பதால், கோட்டின் பாதித் தடிமனை அது தாண்டியதும் இருபுறச் சரிவுகளும் நடுவில் முட்டிக்கொண்டு தட்டையான நெற்றியே இல்லாமற் போகிறது. தமிழில் இதன் விளைவு கண்கூடு. இகரத்திலும் ணகரத்திலும் ஞகரத்திலும் சுழிகள் நெருங்கிவரும் இடங்களில் கோடு மெலிவதால், அதே எண்களை இட்டவுடன் சுழிகள் கூர்முகடாகி, அவற்றின் உள்வெளிகள் மினுக்கத்தில் மூழ்கிவிடுகின்றன. மெய்யெழுத்தின் புள்ளியோ இன்னும் சிறியது. எழுத்தின் உடல் தட்டையான தகடாக இருக்க, அதன் தலைமேல் இருக்கும் புள்ளி மட்டும் முழுக்கூம்பாகிவிடுவதால் இரண்டும் ஒரே கண்ணாடியிலிருந்து வெட்டப்பட்டவை என்று எவரும் நம்பமாட்டார்கள். புள்ளியைத் தனி லேயராகப் பிரித்து அதற்கெனச் சிறிய சரிவைக் கொடுப்பது சிறு வேலைதான். பட்டியலை நம்புகிறவருக்கு அந்த வேலை இருப்பதே தெரியாது.

நிழலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டிராப் ஷேடோவில் நாக் அவுட் என்றொரு தேர்வு முன்னிருப்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். எழுத்தின் உடலுக்கு நேர்கீழே நிழல் விழாமல் வெட்டியெடுப்பது அதன் பணி. எழுத்தின் சொந்த நிறத்தை மட்டும் குறைக்கும் ஃபில் அளவைப் பூச்சியமாக்கிவிட்டு இதனை அணைக்காமல் விடுபவர்களின் எழுத்து, நிழலைச் சுற்றிலும் வீசிக்கொண்டு தான்மட்டும் ஓட்டையாக நிற்கும். அணைத்த பிறகும் தட்டையான கறுப்பு நிழல் கண்ணாடிக்கு ஒவ்வாது. நிறக்கண்ணாடியின் நிழல் நிறமுடையது. புடைத்த கண்ணாடி ஒளியைக் குவிப்பதால் நிழலின் நடுவே ஓர் ஒளித்திட்டும் விழும்.

இவற்றுக்கு எதிராக வழக்கமாக முன்வைக்கப்படும் வாதங்களுள் மதிக்கத்தக்கது ஒன்று உண்டு. பார்ப்பவருக்கு இயற்பியல் தெரியாது, அவர் ஒரு நொடி பார்த்துவிட்டுப் போகிறவர், அவருக்குப் பளபளப்பே போதும் என்பது அது. சுண்டுவிரல் நக அளவுள்ள பொத்தானைப் பொறுத்தவரை இதை ஒப்புக்கொள்ளலாம். அந்த அளவில் பெயர்ச்சியைக் காட்ட இடமே இல்லை. பெரிய எழுத்துக்கு இது செல்லாது. மேற்சொன்ன 2011-ஆம் ஆண்டு ஆய்வு சாதாரணப் பார்வையாளர்களைப் பற்றியதே. சமன்பாடு தெரியாத கண்ணே வளைவைத் தேடுகிறது. முப்பரிமாண மென்பொருளுக்குப் போய்விட வேண்டியதுதானே என்று கேட்பவர்களும் உளர். ஹேடாவிடம் அத்தகைய மென்பொருள் எதுவும் இருந்ததில்லை.

வரலாறும் மரபு எண்ணத்துக்குத் துணைநிற்கவில்லை. ஆப்பிள் நிறுவனம் 2000 சனவரியில் அறிமுகம் செய்த அக்வா இடைமுகத்தின் பளபளக்கும் துளிப்பொத்தான்களே செய்முறைப் பாடங்களின் மூதாதை. அந்தப் பொத்தான்களில்கூட அடிப்பகுதி ஒளிர்ந்தது, படியெடுத்தவர்கள் அதைக் கவனிக்காமல் மேல்மினுக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர். விண்டோஸ் விஸ்டாவின் ஏரோ, பின்னணியை மழுக்கிக் காட்டி உறைபனிக் கண்ணாடியின் சாயலைப் பெற்றது. 2012-இல் விண்டோஸ் 8-உம் 2013-இல் ஐஓஎஸ் 7-உம் தட்டை வடிவமைப்புக்குத் தாவியபோது, கண்ணாடித் தோற்றமே காலாவதியாகிவிட்டது என்று பேசப்பட்டது. 2025 சூனில் ஆப்பிள் லிக்விட் கிளாஸ் என்னும் வடிவமைப்புடன் கண்ணாடிக்குத் திரும்பியபோது, அது முன்னிறுத்திய அம்சம் ஒபாசிட்டியும் இல்லை, மழுக்கலும் இல்லை; விளிம்பில் பின்னணியை வளைக்கும் வில்லைத்தன்மைதான். அந்த வடிவமைப்பில் எழுத்துகள் படிக்கச் சிரமமாக உள்ளன என்ற குறை உடனே எழுந்ததும், அது நியாயமான குறை என்பதும் உண்மையே. ஆயினும் அந்தக் குறை கண்ணாடிப் பரப்பின்மேல் இடப்பட்ட எழுத்தைப் பற்றியது; எழுத்தே கண்ணாடியாகும் தலைப்புகளில் வளைந்த விளிம்பு உருவத்தை வரையறுத்துக் காட்டுவதால், ஒபாசிட்டி குறைத்த எழுத்தைவிட அது எளிதில் படிக்கப்படுகிறது.

கண்ணாடி எழுத்தைக் கற்பிக்க முன்வருவோர் இனியேனும் கோடுகளும் உருவங்களும் செறிந்த ஒரு பின்னணியைத் தேர்ந்தெடுப்பதை முதற்படியாகவும், அதனை விளிம்பில் வளைப்பதை இரண்டாம் படியாகவும் வைக்கட்டும். மினுக்கத்தை அதன் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஒபாசிட்டியை நூறிலேயே விட்டுவிட்டாலும் எழுத்து கண்ணாடியாகத்தான் இருக்கும்.